துண்டும் தளையும்
மலைநாட்டுத் தொழிலாளரின் தோட்டம் மாறும் உரிமை பற்றி

ஒரு முதலாளியிடம் வேலை செய்பவர், அவரோடு போட்டியிடும் இன்னொரு முதலாளியிடம் சென்று சேர்வது முறையா என்னும் வினா இன்று மீண்டும் எழுப்பப்படுகின்றது. கொழும்பிலும் சென்னையிலும் உள்ள நிறுவனங்கள் பல, தம்மிடம் சேரும் இளைஞரிடம் விலகிய பின் குறித்த காலத்துக்குப் போட்டி நிறுவனம் எதிலும் சேர்வதில்லை என்று கையொப்பம் பெறுகின்றன. கையொப்பம் இட்ட பின்னரும் அவர்கள் போய்விடுகின்றனர் என்பது நிறுவனங்களின் மனக்குறை. நன்றி மறந்தோர், சொல் தவறியோர் என்ற பழிச்சொற்கள் தாராளமாக வழங்கப்படுகின்றன. இதனைக் கணினி யுகம் பெற்றெடுத்த புதிய சிக்கலென்று கருதுவோர் இலங்கையின் மலைநாட்டு வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. வலப்பனையிலும் இராகலையிலும் உடப்புசல்லாவையிலும் தேயிலை வேர்கொண்ட காலத்திலேயே இந்த வழக்கு எழுந்துவிட்டது. குற்றஞ்சாட்டியவர் துரை, குற்றவாளிக் கூண்டில் நின்றவர் தொழிலாளி. கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளமும், செக்ரோலில் எழுதப்பட்ட ஒரு பெயரும் போதுமாயிருந்தன. மீறினால் கிடைத்தது சிறை.

அந்த வழக்கில் வழங்கப்பட்ட தீர்ப்பு பிழையானது என்பதும், அப்பிழை 1921 ஆம் ஆண்டில் சட்டப்புத்தகத்தினின்று நீக்கப்பட்ட பின்னரும் வேறு உருவங்களில் நிலைபெற்றுள்ளது என்பதும் ஈண்டு நிறுவப்படும்.

கோப்பியும் தேயிலையும்

தொழிலாளியைக் கட்டிவைக்க வேண்டிய தேவை முதலாளிக்கு எப்பொழுது தோன்றியது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். கோப்பிப் பயிர்ச்செய்கையின் காலத்தில் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து வந்தோர் பெரும்பாலும் பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். ஆண்டு முழுவதும் அவர்களை வைத்துச் சோறு போடும் நோக்கம் தோட்டக்காரருக்கும் இருக்கவில்லை. 1869 இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலைக்கோ பருவம் என்பதில்லை. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். பறிக்கத் தவறின் முற்றிவிடும். பறித்ததை உடனே ஆலைக்குக் கொண்டுசேர்த்தல் வேண்டும். எனவே தோட்டத்திலேயே குடியிருந்து நாள்தோறும் பெரட்டுக்கு வந்து நிற்கும் நிரந்தரமான ஒரு மக்கள் கூட்டம் தேவைப்பட்டது. லயங்கள் நிரைநிரையாக எழுந்தன. பெண்களும் சிறுவரும் உழைப்பாளராயினர்.

தோட்டங்கள் பெருகப் பெருக ஆள்தேவையும் பெருகிற்று. ஒரு மலையில் கொழுந்து பறிக்க ஆளின்றித் தவிக்கும் துரை, அடுத்த மலையிலிருக்கும் ஆட்களைத் தன் பக்கம் இழுக்க முற்பட்டான். சந்தையில் ஒரு பொருளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தால் அதன் விலை உயரும் என்பது அத்துரைமாரே நாள்தோறும் போற்றிய பொருளியல் விதி. தேயிலைக்கு இலண்டன் ஏலத்தில் அவர்கள் வேண்டிநின்றதும் அவ்விதியின் பயனையே. உழைப்பு என்னும் பண்டத்துக்கு மட்டும் அவ்விதி பொருந்தலாகாது என்று அவர்கள் உறுதிபூண்டனர். அவ்வுறுதியின் பெயரே தொழிற் கட்டளைச்சட்டம்.

சட்டம் யார் பக்கம்

1841 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமும், அதன் பின்வந்த 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமும் சேவை ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கின. முன்னறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டு நீங்குதல், வேலைக்கு வர மறுத்தல் ஆகியன சிறைக்குரிய குற்றங்கள். சிறையோடு சேர்த்து, உழைத்துப் பெறவேண்டியிருந்த சம்பளத்தையும் தொழிலாளி இழக்க நேர்ந்தது. 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இந்தியத் தொழிலாளருக்கெனவே ஆக்கப்பட்டது. அதன்படி செக்ரோலில் பெயர் பதியப்பட்ட தொழிலாளி மாதந்தோறும் தானாகவே புதுப்பிக்கப்படும் ஓர் ஒப்பந்தத்துக்கு உட்பட்டவராவார். ஒரு மாதத்துச் சம்பளத்தை அம்மாத முடிவிலிருந்து 60 நாள்களுக்குள் கொடுத்தாற் போதும் என்றும் அச்சட்டம் முதலாளிக்கு இடமளித்தது.

இவ்விரு விதிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பின் சூழ்ச்சி புலனாகும். தொழிலாளியின் ஒரு மாத உழைப்பின் விலையேனும் எப்பொழுதும் துரையின் பெட்டியில் இருக்கும். சொல்லாமற் போனால் அது பறிபோகும், உடலும் சிறைபோகும். சம்பளத்தைத் தாமதிக்கும் முதலாளிக்கோ சட்டமே அவகாசம் அளித்தது. ஒரே ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தை மீறுவது குற்றம், மறுபக்கத்தைத் தாமதிப்பது சட்டம் தந்த சலுகை என்றிருக்குமாயின் அதனை ஒப்பந்தம் என்று அழைப்பதே மொழிக்கு இழைக்கும் தீங்காகும்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளல் தகும். இங்கிலாந்தில் எசமானர் ஊழியர் சட்டத்தின் கீழ் ஒப்பந்த மீறலுக்கெனத் தொழிலாளியைச் சிறையிலிடும் வழக்கம் 1875 ஆம் ஆண்டின் சட்டத்தால் கைவிடப்பட்டது. மன்செஸ்டர் ஆலைத் தொழிலாளி 1875 இல் பெற்ற விடுதலையை இலங்கைத் தோட்டத் தொழிலாளி பெற 1921 வரை, அதாவது 46 ஆண்டுகள், காத்திருந்தார். இரு நாடுகளையும் ஆண்டது ஒரே முடி. சுதந்திர ஒப்பந்தம் பற்றிய நூல்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன. அவற்றின் உட்பொருள் மட்டும் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கவில்லை போலும்.

துண்டு என்னும் தந்திரம்

சட்டம் தொழிலாளியின் காலைக் கட்டியது. ஆயினும் ஆள் வேண்டிய துரைமார் சும்மா இருக்கவில்லை. பிறரிடம் வேலை செய்யும் ஆட்களை ஆசைகாட்டி இழுப்பதைத் தோட்டக்காரர் சங்கக் கூட்டங்களில் கண்டித்தவர்களே மலைக்குத் திரும்பியதும் அதைச் செய்தனர். இந்த முரண்பாட்டுக்கு வழிசெய்த கருவியே துண்டு.

தொழிலாளர் தனித்தனியே துரையோடு தொடர்புடையவர் அல்லர். பெரிய கங்காணியின் கீழும் அவருக்குக் கீழ்ப்பட்ட சில்லறைக் கங்காணிகளின் கீழும் கூட்டங்களாகவே அவர்கள் இருந்தனர். ஊரிலிருந்து ஆட்களை அழைத்துவரத் தோட்டம் கங்காணிக்கு முற்பணம் கொடுக்கும். வழிச்செலவு, அரிசி, கம்பளி, பின்னர் திருமணம், சாவு, திருவிழா என ஒவ்வொன்றும் தொழிலாளியின் பெயரில் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறும். எழுத்தறியாத தொழிலாளி அக்கணக்கைப் படித்ததும் இல்லை, ஒப்புநோக்கியதும் இல்லை. கங்காணி தோட்டத்தை மாற்ற விரும்பினால், அல்லது துரை அக்கூட்டத்தைக் கைவிட விரும்பினால், ஒரு காகிதத் துண்டு எழுதித் தரப்படும். இத்தனை ரூபாய்க் கடனை இன்ன காலத்துக்குள் செலுத்துவோருக்கு இக்கங்காணியும் அவர்தம் ஆட்களும் விடுவிக்கப்படுவர் என்பதே அதன் சாரம். கங்காணி அத்துண்டுடன் தோட்டந்தோட்டமாகச் செல்வார். கடனை அடைத்து, மேலும் முற்பணம் தரும் துரைக்கு ஆட்கள் கிடைப்பர். கடன் புதிய தோட்டத்தின் பேரேட்டுக்கு மாறும், முன்னையிலும் பெருகியிருக்கும்.

துண்டு தொழிலாளிக்கு இடம்பெயரும் வாய்ப்பைத் தந்ததென்று வாதிடுவோர் உளர். அவர்கள் கூறுவதில் ஓரளவு உண்மை இருப்பதை மறுத்தல் நேர்மையன்று. கொடிய துரையிடமிருந்து ஒரு கூட்டம் தப்பிச்செல்லவும், கங்காணி பெற்ற புதிய முற்பணத்தில் சில ரூபாய்கள் தொழிலாளியின் மடியில் விழவும் அது வழிசெய்திருக்கும். ஆயின் இடம்பெயர்ந்தது எவருடைய விருப்பால் என்று கேட்டல் வேண்டும். தங்கிவிட விரும்பிய தொழிலாளியும் கங்காணி போனால் போகவேண்டும். போக விரும்பிய தொழிலாளியும் கங்காணி தங்கினால் தங்கவேண்டும். கூட்டத்தின் பெண்களிடம் விருப்பம் கேட்கும் இடமே அம்முறையில் இருக்கவில்லை. கால்நடையும் தொழுவம் மாறுகின்றது. அதனை எவரும் அதன் சுதந்திரமென்று சொல்வதில்லை.

முற்பணம் உயர்ந்தது, சம்பளம் உயரவில்லை

ஆட்களுக்காகத் துரைமார் இத்துணைப் போட்டியிட்ட காலத்தில் சம்பளம் ஏன் உயரவில்லை? இந்த வினாவின் விடையிலேயே முழு வழக்கும் அடங்கியுள்ளது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆண் தொழிலாளி ஒருவரின் நாட்சம்பளம் ஏறத்தாழ 33 சதம் என்ற அளவிலேயே நெடுங்காலம் நின்றது. துண்டில் எழுதப்பட்ட தொகையோ ஆண்டுக்காண்டு வளர்ந்தது. போட்டி இருந்தது, போட்டியின் பயன் மட்டும் திசைதிருப்பப்பட்டது.

காரணம் எளிது. நாட்சம்பளத்தை ஒரு துரை 5 சதத்தால் உயர்த்தினால் அதனை எல்லாத் தொழிலாளருக்கும் எல்லா நாளும் கொடுக்க வேண்டும். பின்னர் குறைத்தல் எளிதன்று. அடுத்த தோட்டத்துத் துரையும் உயர்த்த நேரும். முற்பணமோ ஒருமுறை கொடுப்பது, கணக்கிற் கடனாக நிற்பது, திரும்பப் பெறத்தக்கது, எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கியவரைக் கட்டிவைப்பது. சம்பளம் தொழிலாளியை நிமிரச் செய்யும். முற்பணம் அவரைக் குனியச் செய்யும். ஆகவே போட்டியிட நேர்ந்த முதலாளிகள், தொழிலாளிக்குச் சேரவேண்டிய கூலியுயர்வைத் தொழிலாளியின் மீதே கடனாக எழுதினர். தன் விலை உயர்ந்தமைக்காகத் தானே கடனாளியாகும் விந்தையை உலகில் அடிமை முறைக்கு வெளியே காண்பது அரிது.

கங்காணியைப் பற்றியும் ஒரு சொல். அவர் தம் ஆட்களின் இனத்தவர், பெரும்பாலும் அவர்தம் ஊரவர். பெரட்டில் நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் நாள்தோறும் அவருக்குத் தலைக்காசு உண்டு. எனவே ஆட்கள் விலகாதிருப்பதில் துரைக்கு இருந்த நலன் அவருக்கும் இருந்தது. தமிழர் தமிழருக்குச் செய்த தீங்கை வெள்ளையன் தலையில் மட்டும் சுமத்திவிட்டுக் கைகழுவுதல் வரலாற்று நேர்மைக்கு ஒவ்வாது.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை வந்தது. கடல் கடக்கும் தொழிலாளி தான் சேரவிருக்கும் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லையொன்றைப் பெற்றார். வழிச்செலவுகளை அத்தோட்டத்தின் கணக்கிற் பற்றுவைப்பதற்கான ஏற்பாடு அது. காணாத மலைக்குரியவராக, கால் வைப்பதற்கு முன்னரே அவர் குறியிடப்பட்டார். அதே காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பொளை வழியாக இராகலை வரை குறும்பாதை இருப்புவழி இடப்பட்டது. பின்னாளில் மூடப்பட்ட அவ்வழியே வலப்பனைப் பக்கத்துத் தேயிலை தடையின்றி இறங்கி, விலை மிகுந்த சந்தையை நாடிச் சென்றது. அதைப் பறித்த கைகளுக்கு அந்த உரிமை இருக்கவில்லை.

முதலாளிகளின் வாதம்

எதிர்வாதத்தைச் செவிமடுக்காமல் தீர்ப்பளித்தல் முறையன்று. தொழிலாளியை ஊரிலிருந்து கொண்டுவரச் செலவிட்டவர் ஒருவர், வேலை பழக்கியவரும் அவரே. செலவே செய்யாத அயலவர் பயனைத் தட்டிச்செல்வது நியாயமா என்று துரைமார் கேட்டனர். பயிற்சியளித்த ஊழியர் போட்டி நிறுவனத்துக்குப் போவதைப் பற்றி இன்றைய நிறுவனங்கள் எழுப்பும் வாதமும் சொல்லுக்குச் சொல் இதுவே.

இதற்கு மூன்று விடைகள் உள. முதலாவது, கொண்டுவந்த செலவு முதலாளியின் முதலீடாக நிற்கவில்லை. தொழிலாளியின் கடனாக எழுதப்பட்டு அவர் கூலியிற் கழிக்கப்பட்டது. தன் பயணச் செலவைத் தானே செலுத்தியவரைச் செலவிட்டவன் பெயரால் கட்டிவைக்க இயலாது. இரண்டாவது, அயலவர் தட்டிச்சென்றது குற்றமெனில் குற்றவாளி அயல்துரையே. 1865 ஆம் ஆண்டின் சட்டம் பிறர் சேவையிலுள்ளவரை அறிந்தே இழுத்துச் சேர்ப்பதையும் தண்டிக்க இடமளித்திருந்தது. ஆயினும் துரைமார் தமக்குள் துண்டு என்னும் உடன்பாட்டை அமைத்துக்கொண்டு, சிறையைத் தொழிலாளிக்கு ஒதுக்கினர். மூன்றாவது, ஆளைத் தக்கவைக்கும் நேர்வழி எப்பொழுதும் திறந்தேயிருந்தது. கூடுதற் கூலி, மழை ஒழுகாத கூரை, நோய்க்கு மருந்து, கடுஞ்சொல் பேசாத கணக்கப்பிள்ளை ஆகியன உள்ள தோட்டத்தை விட்டு எவரும் இரவோடிரவாக ஓடுவதில்லை. ஓட்டத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டியிருந்தது என்பதே தோட்டங்களின் நிலைக்குச் சான்று.

தண்டனை இல்லையேல் தோட்டத் தொழிலே அழியும் என்பது அவர்தம் இறுதி ஆயுதம். அதனை வரலாறே முறித்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919 இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவி, தொழிலாளியைச் சிறையிலிடும் சட்டத்துக்கு எதிராகப் போராடினார். இந்திய அரசின் அழுத்தமும் கூடிற்று. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஒப்பந்த மீறலுக்கான சிறைத்தண்டனையும் அகன்றது. தோட்டங்கள் அழிந்தனவா? அதனைத் தொடர்ந்த ஆண்டுகளே இலங்கைத் தேயிலையின் செழிப்பு மிக்க ஆண்டுகளுள் அடங்கும். 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் வழிவகுத்தது. கட்டு அவிழ்ந்த பின்னரே கூலி அசையத் தொடங்கியமை தற்செயலன்று.

தளையின் மறுபிறப்புகள்

எனினும் தளை முற்றாக அறுந்துவிடவில்லை. துண்டின் இடத்திற் பற்றுச்சீட்டு நின்றது. தோட்டத்து வழக்கில் பத்துச்சீட்டு எனப்படும் அக்காகிதமின்றி மற்றொரு தோட்டத்தில் வேலை பெறுதல் அரிதாயிற்று. விலகுவோருக்கு அதனை மறுத்தலும், சங்கம் அமைப்போருக்கு அதனைக் கையிற் கொடுத்து விரட்டுதலும் நிருவாகத்தின் இரு கைவாள்களாயின. 1931 இல் கோ. நடேசய்யர் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்ததும், 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டு உயிர்நீத்ததும், அந்த வாள்களுக்கு எதிரே எழுந்த வரலாற்றின் பகுதிகளே. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபொழுது, தோட்டத்துக்கு வெளியே வேறு தொழில் தேடும் வாயிலும் அவர்களுக்கு அடைக்கப்பட்டது.

இன்று குடியுரிமை உண்டு, சிறை இல்லை, துண்டு இல்லை. எஞ்சி நிற்கும் தளை வீடு. லயக் காம்பரா தோட்டத்துக்கு உரியது. அதில் வாழ்தல் தோட்டத்தில் ஒருவரேனும் பெயர் பதிந்து வேலை செய்தலோடு பிணைக்கப்பட்டுள்ளது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், 5 ஆண்டுகள் சேவை முடித்தவர் தாமாக விலகினும் பணிக்கொடைக்கு உரியவர் என்கின்றது. பணத்தை எடுத்துச் செல்லலாம். கூரையை எடுத்துச் செல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாகப் பிறந்து, மணந்து, இறந்த இடத்தை இழக்கும் அச்சம் எந்த ஒப்பந்தச் சரத்தையும் விட வலிது.

அவ்வச்சத்தையும் மீறி அவர்கள் போகின்றனர். வலப்பனைப் பகுதியின் இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர்; எஞ்சியோரிற் பலர் இராகலை, கந்தப்பொளைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் லீக்சும் உருளைக்கிழங்கும் விளையும் நிலங்களில் நாட்கூலிக்குச் செல்கின்றனர். தேயிலைக் கம்பனிகள் ஆட்பற்றாக்குறை என்று முறையிடுகின்றன. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் எனச் சம்பளச் சபை வழி நிர்ணயிக்கப்பட்டபோதும், 2024 இல் 1700 ரூபாய் என அறிவிக்கப்பட்டபோதும் நீதிமன்றத்தின் படியேறியவை இக்கம்பனிகளே. அவ்வாண்டு செப்டெம்பரில் 1350 ரூபாய் என்ற அடிப்படைச் சம்பளத்தில் அவ்விவகாரம் வந்து நின்றது. கூலியை உயர்த்தலாகாதென வழக்காடுவோர், கூலி போதாமையால் ஆட்கள் விலகுவதைப் பற்றிக் கண்ணீர் வடிப்பது விந்தை. ஆட்பற்றாக்குறை என்பது இயற்கையின் சீற்றமன்று. தொழிலாளர் தம் கால்களால் எழுதும் தீர்ப்பு.

உலகம் கற்ற பாடம்

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 இல் ஆக்கப்பட்டது. சட்டப்படியான தொழிலைச் செய்வதிலிருந்து ஒருவரைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்று அதன் 27 ஆம் பிரிவு கூறுகின்றது. அதே 1872 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமும் அத்தகைய விதியைத் தன் குடியியற் சட்டக் கோவையில் சேர்த்தது. ஊழியர் போட்டி நிறுவனத்துக்குப் போவதைத் தடுக்க இயலாத அம்மாநிலத்திலேதான் பிற்காலத்தில் உலகின் மிகப்பெரிய கணினி நிறுவனங்கள் எழுந்தன. அறிவுடையோர் விரும்பியவிடத்துக்குச் சென்றதனால் அறிவு பரவியது; தொழில் அழியவில்லை. முதலாளியின் தொழில் மறைபொருளைக் களவாடுதல் வேறு; தன் கையின் திறனைக் கொண்டு செல்லுதல் வேறு. முன்னதைத் தடுக்கத் தனிச் சட்டங்கள் உள. பின்னதைத் தடுப்போர், பிறர் உடலிலும் உள்ளத்திலும் தமக்கு உடைமை உண்டென்று கூறுவோராவர். கொழுந்து பறிக்கும் விரலின் பழக்கம் எந்தக் கம்பனியின் பேரேட்டிலும் சொத்தாக எழுதத்தக்கதன்று.

இலங்கைப் பல்கலைக்கழகங்களிலிருந்து பட்டம் பெற்று வெளியேறும் மலையக இளைஞர், நிறுவனமொன்று நீட்டும் தாளில் கையொப்பமிடுமுன் இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. அத்தாளின் மொழி நாகரிகமானது. அதன் வேர் துண்டு முளைத்த அதே மண்ணில் உள்ளது. இருவரிடையே வேறுபாடும் உண்டு. பட்டதாரி அத்தாளைப் படித்தறிய வல்லவர், மறுக்கவும் வழியுள்ளவர். கணக்கைப் படிக்கவியலாது நின்ற தம் முன்னோர்க்கு அவர் பட்டிருக்கும் கடன், கம்பனிக்குப் பட்டிருப்பதாகக் கூறப்படும் எந்தக் கடனினும் பெரிது.

அக்கடனைத் தீர்க்கும் வழி தெளிவானது. வீட்டையும் நிலத்தையும் வேலையினின்று பிரித்தல் வேண்டும். லயத்தில் வாழும் குடும்பத்துக்கு உறுதியுடன் கூடிய காணி, அவர் தோட்டத்தில் வேலை செய்யினும் செய்யாவிடினும், உரித்தாதல் வேண்டும். 2023 இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளின் நடுவில் காணி நின்றமைக்குக் காரணம் இதுவே. காணியுடைய தொழிலாளி தோட்டத்திலேயே தங்கவும் கூடும். தங்கினால் அது அவர்தம் விருப்பால் ஆகும். அந்நாளில் கம்பனிகள் அவரைத் தக்கவைக்கக் கூலியையும் மதிப்பையும் தவிர வேறொன்றையும் தேடமாட்டா. போகும் உரிமை உள்ளவரிடமே இருத்தல் என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு.